ஆனைமலையின் வனக்காவலர் ஹியூகோ வுட்

பூகோளப் பாடத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தைப் படித்த நாள் முதல் எங்கள் வகுப்பு மாணவியர் அனைவர் மனத்திலும் ஓர் ஆசை குடிகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதாவது கோவை மாவட்டத்தைப் போல நான்கு மடங்கு. தான்சானியாவின் செரங்கெட்டியிலோ இலட்சக்கணக்கான காட்டு விலங்குகள் புல்லையும் நீரையும் தேடி ஆண்டுதோறும் வலசை போகின்றன. திறந்த ஜீப்பில் அமர்ந்து சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் ஒரு முறையேனும் கண்ணால் காண மாட்டோமா என்று நாங்கள் ஏங்கினோம்.

எங்கள் ஏக்கத்தைக் கேட்ட ஆசிரியை அருட்சகோதரி சிரித்தார்கள். உடுமலையில் பிறந்த பெண்கள் காடு பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை என்றும், மாடியில் ஏறி நின்று தெற்கே பார்த்தாலே போதும் என்றும் சொன்னார்கள். உண்மைதான். வானம் தெளிவாக இருக்கும் காலை வேளையில் நமது ஊருக்குத் தெற்கே நீலச் சுவர் போல நிற்கிறதே, அதுதான் ஆனைமலை. யானையின் பெயரையே தாங்கி நிற்கும் மலை! அந்த மலைக்காட்டைக் காண நாங்கள் டாப்ஸ்லிப் சென்றோம். யானையைத் தேடிப் போன நாங்கள் ஒரு கல்லறையைக் கண்டோம். அந்தக் கல்லறையில் துயிலும் மனிதரின் வரலாற்றையே இங்கே எழுதுகிறோம். அவர் பெயர் ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட்.

மரங்கள் சறுக்கிய மலை

ஹியூகோ வுட் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமானால் அவருக்கு முன் அந்தக் காடு பட்ட பாட்டை முதலில் அறிய வேண்டும்.

தேக்கு மரத்தில் இயற்கையாகவே ஒருவகை எண்ணெய் உண்டு. அதனால் கரையான் அதை எளிதில் அரிப்பதில்லை. நீரிலும் விரைவில் உளுத்துப் போவதில்லை. இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்கான ஓக் மரங்கள் குறைந்து வந்த காலத்தில் ஆங்கிலேயரின் பார்வை நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கின் மீது விழுந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் பார்சி இனத்துக் கப்பல் கட்டும் வல்லுநர்களான வாடியா குடும்பத்தார் தேக்கினால் போர்க்கப்பல்களைக் கட்டினர். 1817ஆம் ஆண்டு அங்கே மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட டிரிங்கோமலி என்னும் கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் இங்கிலாந்தில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்றால் தேக்கின் உறுதியை என்னென்பது!

இத்தகைய புகழே தேக்குக்குப் பகையாயிற்று. ஆனைமலையின் தேக்குகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. மலை உச்சியிலிருந்து அவற்றைக் கீழே கொண்டு செல்ல அக்காலத்தில் நல்ல பாதை கிடையாது. ஆகவே மரத்துண்டுகளைச் சரிவில் சறுக்கி விட்டார்கள். உச்சியிலிருந்து மரம் சறுக்கிய இடம் என்பதால்தான் அந்த இடத்திற்கு டாப்ஸ்லிப் என்னும் ஆங்கிலப் பெயர் வந்தது. நாம் உல்லாசப் பயணம் செல்லும் இடத்தின் பெயரிலேயே ஒரு காட்டின் துயரம் ஒளிந்திருக்கிறது.

1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இராணுவ அதிகாரி ஆனைமலைக் காடுகளைக் கவனிக்க நியமிக்கப்பட்டார். 1856இல் டாக்டர் கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். 1882இல் சென்னை மாகாணத்திற்கென வனச் சட்டம் வந்தது. இவ்வாறு காப்பதற்கு ஆட்களும் சட்டமும் வந்த பிறகும் தேவை நின்றபாடில்லை. கப்பலைத் தொடர்ந்து இரயில் வந்தது. தண்டவாளத்தின் கீழே போடும் கட்டைகளுக்கும், இரயில் எஞ்சினுக்கு எரிபொருளாகவும் மரமே வேண்டியிருந்தது. வெட்டிய வேகத்தில் வளர்வதற்கு மரம் என்ன கீரைத் தண்டா? பல சரிவுகள் மொட்டையாயின.

வுட் வருகிறார்

ஹியூகோ வுட் 1870இல் பிறந்தார். ஆங்கிலேய அரசின் வனப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1915ஆம் ஆண்டையொட்டி அவர் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். போருக்கும் மரம் தேவைப்பட்டது. அரசாங்கம் வனத்துறையிடம் எதிர்பார்த்தது வருமானத்தை. வுட் எண்ணியதோ வனத்தின் ஆயுளை.

டாப்ஸ்லிப்பை ஒட்டியுள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் என்னும் இடத்தில் அவர் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மின்விளக்கு இல்லை, அண்டை வீடு இல்லை, இரவில் யானையின் பிளிறலும் மழைக்காலத்தில் அட்டைக் கடியும் மலைக்காய்ச்சலின் அச்சமுமே அவருக்குத் துணை. நகரத்தில் வசதியாக இருந்து கோப்புகளில் கையெழுத்திட்டு வனத்தை ஆளலாம் என்று அவர் எண்ணவில்லை. காட்டைக் காக்க வேண்டுமானால் காட்டில் வாழ வேண்டும் என்பது அவர் கொள்கையாக இருந்தது.

முதலில் அவர் மரம் வெட்டும் முறையை மாற்றினார். அடிக்கட்டையை விட்டு மரத்தை வெட்டினால் அக்கட்டையிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். தேக்குக்கு இந்தத் தன்மை மிகுதியாக உண்டு. ஆழத்தில் வேர் உயிரோடு இருப்பதால் இத்துளிர் விதையில் முளைத்த கன்றைவிட வேகமாக உயரும். பல துளிர்களில் வலுவானதை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினால் அதுவே நாளடைவில் மரமாகிவிடும். வேரோடு பெயர்த்தாலோ மரமும் போயிற்று, மண்ணும் மழையில் கரைந்து போயிற்று. இந்த எளிய உண்மையை வுட் காடு முழுவதற்கும் உரிய திட்டமாக வகுத்தார்.

அடுத்து, காட்டிற்கு ஓய்வு தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நமது உழவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆற வைப்பதில்லையா? அதுபோலக் காயம்பட்ட காட்டையும் ஆற விட வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் கோடரி படாமல் காட்டை விட்டு வைக்குமாறு அவர் அரசை வேண்டினார் என்று கூறுவார்கள். டாப்ஸ்லிப்புக்கு அருகிலுள்ள கரியன் சோலை இன்றும் பகலிலேயே இருள் கவியும் பசுமைமாறாக் காடாக நிற்கிறது.

வெட்டிய மரங்களை இழுக்க யானைகளைப் பயன்படுத்துவதையே வுட் விரும்பினார். யானை நடப்பதற்குச் சாலை வெட்ட வேண்டியதில்லை. மரங்களுக்கிடையே புகுந்து, கன்றை மிதிக்காமல், சங்கிலியில் கட்டிய மரத்தை அது இழுத்து வந்துவிடும்.

சட்டைப் பையில் ஒரு காடு

வுட்டைப் பற்றி ஆனைமலைப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. அவர் காட்டில் நடக்கும்போதெல்லாம் அவருடைய சட்டைப் பைகளில் தேக்கு விதைகள் நிறைந்திருக்குமாம். கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. நடந்துகொண்டே வெற்றிடம் கண்ட இடத்தில் தடியால் ஒரு குழி. குழியில் ஒரு விதை. காலால் மண்ணைத் தள்ளி ஒரு மிதி. பிறகு அடுத்த அடி. இப்படி நாள்தோறும் நடப்பாராம். குதிரையில் சென்றாலும் விதை தூவிக்கொண்டே செல்வார் என்பாரும் உண்டு.

தேக்கு விதையை நம்மில் பலர் கண்டிருக்க மாட்டோம். கோலிக்குண்டு அளவில், பஞ்சு போன்ற மேலுறையுடன், உள்ளே கல்லைப் போலக் கடினமாக இருக்கும். அது எளிதில் முளைக்காது. நீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடியும் ஊற வைத்துப் பலமுறை பக்குவப்படுத்தினால்தான் ஓடு இளகும். அப்போதும் எல்லாம் முளைத்துவிடுவதில்லை. முளைத்த கன்றை மான் கடிக்கும், யானை மிதிக்கும், கோடையில் காட்டுத்தீ எரிக்கும். அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த கன்று வெட்டும் பருவத்தை எட்ட அறுபது, எண்பது ஆண்டுகள் ஆகும்.

தென்னை வைத்தவன் அதன் பயனை உண்டுவிட்டுச் சாவான், பனை வைத்தவனோ பார்த்துவிட்டுத்தான் சாவான் என்று நமது கொங்கு நாட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியானால் தேக்கு வைத்தவன் நிலை என்ன? அதைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, தமக்கென்று பிள்ளைகள் இல்லாத ஒருவர், தமது சொந்த நாடும் அல்லாத ஒரு நாட்டில், தாம் ஒருநாளும் முழு வளர்ச்சியில் காண முடியாத மரத்தின் விதையை மண்ணில் இட்டார். அவர் விதைத்தது யாருக்காக? இக்கேள்வி எங்களை வெகுநேரம் சிந்திக்க வைத்தது.

பெயர் பொறிக்கப்படாதவர்கள்

ஒரு மனிதரின் கைத்தடி மட்டும் ஒரு காட்டை உண்டாக்கிவிட முடியாது. இதை மறந்தால் வரலாறு முழுமை பெறாது. குழி தோண்டிய கைகள், கன்றுகளுக்குக் களை எடுத்த கைகள், தீ பரவாமல் தடுப்புக்கோடு வெட்டிய கைகள், யானைகளைப் பழக்கிய கைகள் எல்லாம் அந்த மலையின் மக்களுடையவை. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்னும் ஆறு பழங்குடியினர் ஆனைமலையில் வாழ்கின்றனர். எந்தப் பூ எப்போது பூக்கும், எந்தத் தேன்கூடு எந்தப் பாறையில் இருக்கும், யானைக் கூட்டம் எந்த வழியில் நீருக்கு வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மலசர் இனத்தார் யானையைப் பழக்குவதில் கைதேர்ந்தவர்கள். இன்றும் கோழிகமுத்தி யானைகள் முகாமில் பாகன்களாக இருக்கின்றனர். மரம் இழுத்த யானைகளின் இடத்தில் இன்று கும்கி யானைகள் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற கலீம் 2023இல் அணிவகுப்பு மரியாதையுடன் பணி ஓய்வு பெற்றது.

வுட்டின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவரோடு உழைத்த காடர், மலசர் எவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர் வரலாற்றை எழுதும் நாங்கள் பெயர் தெரியாத அந்த உழைப்பாளிகளுக்கும் இங்கே தலைவணங்குகிறோம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வுட் ஆங்கிலேய அரசின் ஊழியர். நம்மை அடிமைப்படுத்திய அரசுக்கு வருமானம் வர வேண்டும் என்பதற்காகவே தேக்கு வளர்க்கப்பட்டது. இயற்கையான சோலைக்காடு இருக்க வேண்டிய சில இடங்களில் தேக்கு மட்டுமே வரிசையாக நிற்பது காட்டுக்கு முழு நன்மை அல்ல என்று இன்றைய அறிஞர்கள் கூறுகின்றனர். சோலைமந்திக்கும் இருவாட்சிப் பறவைக்கும் தேக்கு உணவளிப்பதில்லை. பலவகைப் பழமரங்கள் செறிந்த சோலையே அவற்றுக்கு வீடு. இவை எல்லாம் உண்மையே. ஆயினும் வெட்டுவதற்கே அனுப்பப்பட்ட ஒருவர் வளர்ப்பதைத் தம் வாழ்வாக்கிக்கொண்டார் என்பதும் உண்மையே. நாம் பிறரை எடை போடும்போது, அவர் இருந்த இடத்தையும் அந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் செய்ததையும் சேர்த்தே எடை போட வேண்டும் அல்லவா?

அதே காலத்தில் ஆப்பிரிக்காவில்

வுட் தேக்கு விதைத்த அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் மற்றொருவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன். வுட்டைவிட மூன்று வயது மூத்தவர். 1902இல் சாபி என்னும் வனவிலங்குக் காப்பிடத்தின் முதல் காவலராக அவர் சென்றபோது வேட்டையாலும் போராலும் அங்கே விலங்குகள் மிகவும் அருகிப் போயிருந்தன. தொடக்கத்தில் மான்களைக் காப்பதாக எண்ணிச் சிங்கங்களைச் சுட்டவர், காட்டோடு பழகப் பழக, சிங்கமும் இருந்தால்தான் அது காடு என்பதை உணர்ந்தார். அவருடைய இடையறாத முயற்சியால் 1926இல் அக்காப்பிடம் குரூகர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1946 வரை அவர் அங்கே பணியாற்றினார். 1957இல் மறைந்த அவரது சாம்பலும் அந்தப் பூங்காவிலேயே தூவப்பட்டது.

நாங்கள் காண ஏங்கிய ஆப்பிரிக்கச் சிங்கங்களும் தாமாகவே பிழைத்திருக்கவில்லை. ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் காவல் இருந்ததால் பிழைத்தன. ஆனால் அங்கும் ஒரு நிழல் உண்டு. 1969இல் பூங்காவை விரிவாக்குவதற்காக மகுலேகே என்னும் மக்கள் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1998இல்தான் அந்நிலம் அவர்களுக்கு உரிமையாயிற்று. விலங்கைக் காக்கும்போது மனிதரை மறக்கக்கூடாது என்னும் பாடம் ஆப்பிரிக்காவுக்கும் உண்டு, ஆனைமலைக்கும் உண்டு.

இறுதி விருப்பம்

1920களில் வுட் பணி ஓய்வு பெற்றார். பெரும்பாலான ஆங்கிலேய அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் கப்பலேறித் தாயகம் திரும்புவது வழக்கம். வுட் திரும்பவில்லை. குன்னூரில் தங்கினார். அவருடைய உடல்நலம் குன்றியிருந்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்தில், தமது அறுபத்து மூன்றாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

குன்னூரில் அழகிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஆனால் தம் உடலைத் தாம் வளர்த்த தேக்கு மரங்களுக்கிடையே அடக்கம் செய்ய வேண்டும் என்பதே வுட்டின் இறுதி விருப்பம். அவ்வாறே நீலகிரியிலிருந்து அவரது உடல் ஆனைமலைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் வாழ்ந்த வீட்டின் அருகே, உலாந்திப் பள்ளத்தாக்கில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

கல்லறையில் அவர் பெயரோடு இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. அருட்சகோதரி அதைப் படித்து விளக்கினார்கள். இவருடைய நினைவுச் சின்னம் எங்கே என்று தேடுபவர் சுற்றிலும் பார்த்தால் போதும் என்பது அதன் பொருளாம். இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்தில் அதைக் கட்டிய சிற்பி கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வாசகம்தான் உள்ளதாம். நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். எங்களைச் சூழ்ந்து நூறு ஆண்டைக் கடந்த தேக்குகள் தூண்கள் போல நிமிர்ந்து நின்றன. கிளைகளினூடே வெயில் சாய்ந்து விழுந்தது. பேராலயத்தினுள் நிற்பது போன்ற அமைதி எங்களை ஆட்கொண்டது. வேனில் வரும்போது ஓயாமல் பேசிக்கொண்டு வந்த நாங்கள் ஒருவரும் அப்போது பேசவில்லை. அனைவரும் சேர்ந்து ஒரு செபம் சொன்னோம்.

அவருக்குப் பின்

வுட் மறைந்த பின்னர் அவர் காத்த காட்டின் மதிப்பை நாடு படிப்படியாக உணர்ந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் ஆனைமலை வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. பின்னர் அது இந்திரா காந்தி அம்மையாரின் பெயரைப் பெற்றது. 1989இல் கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. அதன் உட்பகுதி மட்டும் சுமார் 958 சதுர கிலோமீட்டர். நமது உடுமலை வனச்சரகமும் அமராவதி வனச்சரகமும் இக்காப்பகத்தைச் சேர்ந்தவையே. ஆகவே நாம் புலிகளின் அண்டை வீட்டார்!

டாப்ஸ்லிப்பிலிருந்து சற்றுத் தொலைவில், கேரள எல்லைக்குள் பரம்பிக்குளம் காட்டில் கன்னிமரம் என்னும் பழந்தேக்கு ஒன்று நிற்கிறது. அதன் வயது நானூறு ஆண்டுகளுக்கு மேல் என்கின்றனர். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஏழு மீட்டர். எங்களில் ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். கோடரிக்குத் தப்பிய அந்த ஒரு மரத்தை நினைத்துப் பார்க்கும்போதுதான் தப்பாத ஆயிரமாயிரம் மரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இக்காட்டினால் நமக்கு என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்கலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அந்த மலைக்காட்டு நீர் தூணக்கடவு அணையில் சேர்ந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே சர்க்கார்பதி மின்நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கால்வாய் வழியே நமது திருமூர்த்தி அணைக்கு வருகிறது. உடுமலைச் சுற்றுவட்டாரத்துத் தென்னையும் மக்காச்சோளமும் பருகும் நீர் அந்தக் காட்டின் கொடை. மழை எல்லா மலையிலும்தான் பெய்கிறது. ஆனால் மரமும் சருகும் மூடிய மலை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. மொட்டை மலையோ பெய்த அன்றே வெள்ளமாகக் கொட்டிவிட்டு மறுநாள் வறண்டு நிற்கிறது. நமது வீட்டுக் குழாயில் நீர் வரும்போதெல்லாம் வனத்தைக் காத்தவர்களை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாங்கள் கற்றது

நாங்கள் கண்டவற்றையும் சொல்லிவிடுகிறோம். சேத்துமடை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். வனத்துறை வேனில் சென்றபோது காட்டுமாடுகள் கூட்டமாக மேய்வதைக் கண்டோம். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்தவை போல அவை தோன்றின. மலையணில் கிளைவிட்டுக் கிளை தாவியது. புள்ளிமான்கள் ஏராளம். புலியைக் காணவில்லை. புலி எங்களைக் கண்டிருக்கும் என்று ஓட்டுநர் சொன்னபோது எல்லோரும் வேனுக்குள் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம்.

திரும்பும் நேரத்தில் எங்களில் ஒருத்தி கீழே கிடந்த தேக்கு விதை ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வுட்டைப் போலத் தானும் பையில் விதை வைத்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அருட்சகோதரி அவளைக் கடியவில்லை. வுட் விதைகளைப் பையில் போட்டது காட்டுக்குக் கொடுப்பதற்காக, காட்டிலிருந்து எடுத்துச் செல்வதற்காக அல்ல என்று மட்டும் மென்மையாகச் சொன்னார்கள். அவள் திரும்பி நடந்து, கல்லறைக்குச் சற்றுத் தள்ளி, குச்சியால் ஒரு சிறு குழி தோண்டி, அந்த விதையை இட்டு, செருப்புக் காலால் மண்ணை மூடினாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அது முளைக்குமோ, முளைத்தாலும் மானுக்கு இரையாகுமோ யார் அறிவார்? மரமாகிவிட்டால் அதன் முதிர்ந்த அழகைக் காண நாங்கள் இருக்க மாட்டோம்.

நமது ஆண்டவர் இயேசு விதைப்பவன் உவமையைச் சொன்னபோது வழியோரத்திலும் பாறையிலும் முட்செடிகளிலும் விழுந்த விதைகளையும் சேர்த்தே சொன்னார். எந்த விதை எங்கே விழும் என்று அஞ்சி அந்த மனிதன் விதைக்காமல் இருந்துவிடவில்லை. நம்மைக் கற்பிக்கும் ஆசிரியைகளும், நமக்காக உழைக்கும் பெற்றோரும், தம் வாழ்வையே பிறர்க்கு ஈந்துவிட்ட அருட்சகோதரிகளும் அப்படித்தானே விதைக்கின்றனர்? அவர்கள் வளர்க்கும் மரம் முழுமை பெறும் நாளில் அவர்கள் அருகில் இருப்பதில்லை.

அன்புத் தோழியரே! அடுத்த முறை நீங்கள் டாப்ஸ்லிப் செல்லும்போது யானையைப் பாருங்கள், மானைப் பாருங்கள், ஊர் திரும்புமுன் அந்தக் கல்லறை முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு சுற்றிலும் பாருங்கள். இன்று நாம் பெறும் நிழல் வுட் விதைத்தது. நாளை பிறக்கப்போகும் நம் தங்கையர்க்கு நாம் எந்த நிழலை விட்டுச் செல்லப் போகிறோம்?

— பதினோராம் வகுப்பு மாணவியர்